எச்-1பி விசாவில் இருக்கிறீர்களா? சட்டம் மாறும்போது எதை, எப்போது செய்வது: முழுமையான வழிகாட்டி

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை மாலை வெள்ளை மாளிகையில் ஒரு அறிவிப்பு கையெழுத்தானது. எச்-1பி (அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு நிபுணரை வேலைக்கு எடுக்கும் தற்காலிக விசா) பெட்டிஷனுக்கு, அதாவது கம்பெனி போடும் மனுவுக்கு, 1,00,000 டாலர் கட்டணம், ஞாயிறு அதிகாலை 12:01 முதல் அமல். என் சித்தப்பா மகன் அப்போது மதுரையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை, ராமேஸ்வரம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க இரண்டு வார விடுப்பில் போயிருந்தான். சனிக்கிழமை காலையில் கண் விழித்துப் பார்த்தால் கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில்: கெடுவுக்குள் அமெரிக்காவுக்குள் வந்துவிடுங்கள். சித்தி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கிடைத்த விலைக்கு டிக்கெட் வாங்கி சென்னைக்கு ஓடி விமானம் ஏறினான். அவன் பறந்துகொண்டிருந்தபோதுதான் விளக்கம் வந்தது. இந்தக் கட்டணம் புதிதாகப் போடுகிற பெட்டிஷன்களுக்குத்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் வந்துபோகத் தடையில்லை என்று. அவன் பாஸ்போர்ட்டில் 2027 வரை செல்லுபடியாகும் ஸ்டாம்ப் இருந்தது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வக்கீலையும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை இரவு அந்த அறிவிப்பின் வாசகத்தைப் படித்த யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது, அது எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்தோம். பத்து வருடம் இங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. 2012 முதல் நியூ ஜெர்சியில் எச்-1பி-யில் வேலை செய்கிறவன். இதில் உள்ளது 2026 தொடக்கம் வரையிலான நிலவரம். உங்கள் கேஸுக்கு முடிவெடுக்கும்முன் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள், அதுவும் கம்பெனி வக்கீலாக இல்லாமல் நீங்களே காசு கொடுத்துப் பார்க்கிற வக்கீலாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கம்பெனி வக்கீலுக்குக் கட்டணம் கொடுப்பது கம்பெனிதான், உங்கள் நலனும் அவர்கள் நலனும் பிரிகிற நாளில் அவர் உங்களுக்காக மட்டும் பேச முடியாது.

படி 1: உங்கள் உரிமை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததும் நாம் முதலில் கேட்பது "இது நம்மைப் பாதிக்குமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது என்ன வகை மாற்றம் என்பது. நாடாளுமன்றம் போட்ட சட்டமா, ஒரு துறை வெளியிட்ட விதியா, அதிபரின் பிரகடனமா, அல்லது அலுவலகத்தின் உள் நடைமுறையா? இந்த நான்கும் மாறுகிற வேகம் வேறு வேறு.

சட்டம் என்பது காங்கிரஸ் நிறைவேற்றுவது. வருடத்துக்கு 65,000 எச்-1பி என்ற வரம்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கான கூடுதல் 20,000 என்பது 2004-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை மாறும்போது புதிய கம்பெனி பெட்டிஷன் போட்ட உடனேயே அங்கே சேரலாம் என்பதும், கிரீன் கார்டு வரிசையில் இருந்தால் ஆறு வருடத்துக்கு மேலும் நீட்டிப்பு கிடைக்கும் என்பதும் 2000-ஆம் ஆண்டில் வந்த ஏசி-21 சட்டம். இவை லேசில் அசையாது. இவற்றை ஒரே இரவில் எடுத்துவிட்டார்கள் என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

விதி என்பது துறை எழுதுவது. வேலை போனால் கிடைக்கிற 60 நாள் கிரேஸ் பீரியட் 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி. கிரீன் கார்டு வரிசையில் இருக்கும் எச்-1பி-காரரின் எச்-4 துணைவர் (எச்-4 என்பது குடும்பத்தாருக்கான விசா) வேலை பார்க்கலாம் என்பது 2015-ஆம் ஆண்டு விதி. நாம் மலை போல நம்பியிருக்கிற இந்த இரண்டும் சட்டப் புத்தகத்தில் நேரடியாக இல்லை. விதியை மாற்ற வேண்டுமென்றால் பொதுவாக வரைவு வெளியிட்டு, மக்கள் கருத்துக் கேட்டு, பிறகு இறுதி செய்ய வேண்டும் என்பதால் சில மாதங்களாவது முன்கூட்டியே தெரியும். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2025 அக்டோபர் 30 அன்று வேலை அனுமதி அட்டைகளுக்கான தானியங்கி நீட்டிப்பை நிறுத்தினார்களே, அது இடைக்கால இறுதி விதி என்ற வழியில், வெளியிட்டவுடனே அமலுக்கு வந்தது.

பிரகடனம் ஒரு மாலையில் வரும், மறுநாள் இரவு அமலாகும். அந்த ஒரு லட்சம் டாலர் அப்படித்தான் வந்தது. நான்காவது, தூதரக நடைமுறை. இது எந்த அரசிதழிலும் வராது, ஒரு நாள் காலையில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் நான்கு மாதம் தள்ளிப்போயிருக்கும், அப்போதுதான் தெரியும்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் எச்-1பி, துணைவரின் எச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை), ஊருக்குப் போய்வரும் திட்டம், கிரீன் கார்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சட்டம், விதி, பிரகடனம், நடைமுறை என்று எழுதுங்கள். எது பலவீனமான தரையில் நிற்கிறதோ அதற்குத்தான் மாற்று வழி முதலில் வேண்டும்.

படி 2: மூன்று தேதிகள்

பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப், ஐ-797 அங்கீகாரக் கடிதம், ஐ-94. இந்த மூன்றும் மூன்று தேதி காட்டும். ஸ்டாம்ப் என்பது வாசலில் வந்து நிற்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும்போது அது காலாவதியானால் ஒன்றும் ஆகாது. ஐ-797, இந்தக் கம்பெனியில் இந்தத் தேதி வரை வேலை பார்க்கலாம் என்கிறது. எத்தனை நாள் நாட்டில் இருக்கலாம் என்று சொல்வது ஐ-94. நாம் மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை திருச்சியிலிருந்து திரும்பியபோது என் ஐ-797 இன்னும் இரண்டரை வருடத்துக்கு இருந்தது, பாஸ்போர்ட் பதினோரு மாதத்தில் முடிகிறது. விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட் முடிகிற தேதிக்கே ஐ-94 கொடுத்துவிட்டார். அது தவறு அல்ல, வழக்கமே அதுதான். நான் கவனிக்கவில்லை. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் அந்தப் பெண் ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு உங்கள் ஐ-94 இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறதே என்றார். கை கால் நடுங்கியது. வக்கீலைப் பிடித்து, செல்லுபடியாகும் ஸ்டாம்ப் இருந்ததால் ஒரு பயணம் போய்த் திரும்பி வந்து புதிய ஐ-94 வாங்கினேன். அந்த ஐந்து வாரமும் கவனிக்காமல் கழிந்திருந்தால் சட்டவிரோதமாகத் தங்கியவன் என்ற கணக்கு ஓட ஆரம்பித்திருக்கும், 180 நாளைத் தாண்டிவிட்டு வெளியே போனால் மூன்று வருடத் தடை.

அதனால் ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும், வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சிபிபி) தளத்தில் ஐ-94-ஐ இறக்கிப் பாருங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. பாஸ்போர்ட் முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க யோசியுங்கள். இன்னொன்று, உள்ளே இருந்தபடியே நீட்டிப்பு வாங்கினால் ஐ-797-இன் அடிப்பகுதியில் புதிய ஐ-94 ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு வெளியே போய் வந்தால் கடைசியாக வாங்கியதுதான் பொதுவாகக் கணக்கு.

படி 3: கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும்

கம்பெனி வக்கீலின் தளத்தில் எல்லாம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், லேஆஃப் ஆன அன்று மதியமே அந்தக் கடவுச்சொல் வேலை செய்யாமல் போகலாம். எல்லா ஐ-797-களும், இதுவரை வாங்கிய எல்லா ஐ-94-களும், பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (வருடச் சம்பள, வரிச் சான்று), பழைய கம்பெனிகளின் அனுபவக் கடிதங்கள், பட்டச் சான்றும் அதன் மதிப்பீடும், பயணம் போன போர்டிங் பாஸ்கள். எல்லாவற்றையும் சொந்த மெயிலில் வையுங்கள், கம்பெனி லேப்டாப்பில் வைக்காதீர்கள்.

போர்டிங் பாஸ் எதற்கு என்கிறீர்களா? எச்-1பி-யின் ஆறு வருடக் கணக்கில் நீங்கள் நாட்டுக்கு வெளியே இருந்த முழு நாட்களைத் திரும்பக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அம்மா உடம்புக்கு முடியாமல் ஊரில் மூன்று மாதம் இருந்தீர்கள் என்றால் அந்த மூன்று மாதம் உங்களுடையது, நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

எல்சிஏ என்கிற தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பத்தின் நகலை, நீங்கள் வேலையில் சேரும் நாளுக்குள் கம்பெனி உங்களிடம் கொடுத்தாக வேண்டும். அது சலுகை அல்ல, கேளுங்கள். ஐ-140 என்பது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, அதன் நகலைத் தர நிறைய கம்பெனிகள் மறுப்பார்கள், அது அவர்கள் போட்ட மனு என்பதால். அப்படியானால் ரசீது எண்ணையும் பிரையாரிட்டி டேட்டையுமாவது (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தின்படி, குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் துறையான யூஎஸ்சிஐஎஸ்-இடம் உங்கள் கோப்பை நீங்களே ஆன்லைனில் கேட்கலாம். மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் தேவை வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள்.

படி 4: சம்பளமும் வேலை இடமும்

இமிக்ரேஷன் பற்றிப் பேசுகிறோம், ஆனால் எச்-1பி-யின் பாதி தொழிலாளர் துறையின் சட்டம். நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தப் பாதியில்தான்.

புராஜெக்ட் இல்லை, பென்ச்சில் இரு, சம்பளம் கிடையாது என்று ஒரு கன்சல்டன்சி சொன்னால் அது சட்டப்படி தவறு. கம்பெனி வேலை தராததால் சும்மா இருக்கும் நாட்களுக்கும் எல்சிஏ-வில் சொன்ன சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். நீங்களாகக் கேட்டு எடுத்த விடுப்பு வேறு. பெட்டிஷன் கட்டணத்தையும் வக்கீல் கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்டுவதும், இத்தனை மாதத்துக்குள் விலகினால் இவ்வளவு அபராதம் என்று கையெழுத்து வாங்குவதும் அதே போலத்தான். உண்மையான நஷ்ட ஈடு என்று மாநிலச் சட்டம் ஏற்கிற தொகை வேறு, அபராதம் வேறு. அந்த வேறுபாட்டை வக்கீலிடம் காட்டித் தெரிந்துகொள்ளாமல் பயந்து பணம் கட்டாதீர்கள். தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் செய்ய டபிள்யூஎச்-4 என்ற படிவம் இருக்கிறது, தவறு நடந்த 12 மாதத்துக்குள் போட வேண்டும். என் நண்பர் ஒருவர் நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எட்டுப் பேரோடு இருந்தார். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்த நான்கு மாதமும் பே ஸ்டப் இல்லாததுதான் பின்னால் நீட்டிப்பின்போது அவருக்கு வினையாக வந்தது. பேசாமல் இருப்பதும் பாதுகாப்பு இல்லை என்பதை அவர் கேஸில் நேரில் பார்த்தேன்.

வீட்டை மாற்றுவது இன்னொரு பொறி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம், டாலஸில் வாடகை குறைவு என்று நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பிவிடுவார்கள். எச்-1பி ஒரு ஊர்ப் பகுதியோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகரப் பகுதிக்கு வெளியே வேலை இடம் மாறினால், மாறுவதற்கு முன்பே கம்பெனி திருத்தப் பெட்டிஷன் போட வேண்டும், சிமியோ என்ற கம்பெனியின் வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்பு இதை உறுதி செய்தது. உங்கள் வீடுதான் உங்கள் வேலை இடம் என்றால் வீடு மாற்றுவது வேலை இடம் மாற்றுவதுதான். ஹெச்ஆரிடம் மெயிலில் சொல்லி, வக்கீல் சரி என்று எழுத்தில் சொன்ன பிறகு லாரி பிடியுங்கள். அதே பெருநகரப் பகுதிக்குள் மாறினால் திருத்தம் வேண்டாம்.

படி 5: புதிதாக வருகிறவர்கள், மாணவர்கள்

வருட வரம்பைவிட அதிகம் பேர் கேட்பதால் புதிய எச்-1பி-க்கு ஆள் எடுப்பது லாட்டரியில்தான், அது முன்பு போல இல்லை. 2024 மார்ச்சிலிருந்து ஒரே ஆளுக்குப் பத்து கம்பெனி பதிவு செய்தாலும் பாஸ்போர்ட்டை வைத்து ஒரே ஆளாகத்தான் எண்ணுகிறார்கள், 2025 மார்ச் பதிவிலிருந்து பதிவுக் கட்டணம் 10 டாலரிலிருந்து 215 ஆனது. 2026 பிப்ரவரி 27 முதல் அமலுக்கு வந்த விதி இன்னும் பெரியது. சம்பள நிலை நான்கில் இருப்பவர் பெயர் நான்கு முறை, மூன்றில் இருப்பவர் மூன்று முறை, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று சீட்டில் போடுவார்கள். இந்த நிலை உங்கள் பதவிக்கும் ஊருக்கும் தொழிலாளர் துறை போட்டிருக்கும் சம்பள அட்டவணையில் உங்கள் சம்பளம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. சான் ஹோசேயில் நிலை ஒன்றில் வருகிற அதே சம்பளம் ஒரு சின்ன ஊரில் நிலை மூன்றில் வரலாம். படித்து முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பாதகம், எனக்கு இதில் வருத்தம்தான். ஆனாலும் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தால் சம்பள எண்ணை மட்டும் பார்க்காமல் அந்த ஊரின் அட்டவணையையும் பாருங்கள்.

ஒரு லட்சம் டாலர் யாருக்கு? 2025 அக்டோபர் 20 அன்று யூஎஸ்சிஐஎஸ் கொடுத்த விளக்கப்படி, செப்டம்பர் 21 முதல் போடப்பட்டு, நாட்டுக்கு வெளியே இருக்கிற, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாத ஆளுக்கான புதிய பெட்டிஷனுக்கு. உள்ளே எஃப்-1-இல் இருக்கும் மாணவர் அங்கிருந்தபடியே எச்-1பி-க்கு நிலை மாற்றம் கேட்டால் கிடையாது. நீட்டிப்புக்கும், உள்ளே இருந்தபடி கம்பெனி மாறுவதற்கும் கிடையாது. இதில் ஒரு நுணுக்கம் உயிர் போகிற விஷயம்: நிலை மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது அக்கா கல்யாணம் என்று நாட்டை விட்டு வெளியே போனால் அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாக ஆகிவிடும், அப்புறம் தூதரகம் வழியாகத்தான் வர வேண்டும், கட்டணம் வந்து நிற்கும். மனு அனுமதியாகும் வரை ஊர்ப்பக்கம் தலை வைக்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் லாட்டரிக்கு விலக்குப் பெற்றவை, ஆனால் இந்தக் கட்டணத்துக்கு விலக்குப் பெற்றவை அல்ல.

படி 6: ஊருக்குப் போவதற்கு முன்

இன்று மிகவும் கஷ்டமான இடம் இதுதான். 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி, எச்-4 புதுப்பிப்புக்கு டிராப்பாக்ஸ் (நேர்காணல் இல்லாமல் காகிதங்களை மட்டும் கொடுத்துப் புதுப்பிக்கும் வழி) இல்லை, குழந்தைகள் உட்பட பெரும்பாலும் எல்லோரும் நேர்காணலுக்குப் போக வேண்டும். அதே மாதம் 6-ஆம் தேதி முதல், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் மெக்ஸிகோவுக்கோ கனடாவுக்கோ போய் ஸ்டாம்ப் அடித்துக்கொண்டு வருகிற பழைய வழி ஏறக்குறைய அடைபட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள், கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அந்த வேலைப்பளுவில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் டிசம்பர் நேர்காணல்கள் பல 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயின. மூன்று வார விடுப்பில் போனவர்கள், இங்கே வாடகை ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிட, அங்கே அம்மா வீட்டில் காத்திருந்தார்கள்.

எனவே முதல் கேள்வி, ஸ்டாம்ப் செல்லுபடியாகிறதா? ஆகிறது என்றால் போய்வரலாம், ஐ-797, சமீபத்திய பே ஸ்டப், வேலைக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவில்லை என்றால், நான்கு ஐந்து மாதம் திரும்ப முடியாமல் போனாலும் வேலை இருக்குமா என்று முதலில் மேலாளரிடமும் ஹெச்ஆரிடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சில கம்பெனிகள் இந்தியாவிலிருந்து வேலை பார்க்க விடும், சில இடங்களில் தரவுப் பாதுகாப்பு காரணமாகக் கண்டிப்பாக விடமாட்டார்கள், சம்பளமில்லா விடுப்புதான். விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160-இல் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய எல்லா சமூக ஊடகப் பெயர்களையும் சரியாக எழுதுங்கள், மறந்துபோன பழைய கணக்கு உட்பட. நேர்காணலுக்கு முன் பதறிப்போய் எதையும் அழிக்காதீர்கள், லிங்க்ட்இன்னில் உள்ள பதவியும் பெட்டிஷனில் உள்ள பதவியும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதான பதிவு இருந்தால், வழக்கு தள்ளுபடியாகி இருந்தாலும், வக்கீலைக் கேட்காமல் வெளியே போகாதீர்கள், கைதை மட்டும் வைத்தே விசாவை ரத்து செய்கிறார்கள்.

கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வந்தால், ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் செல்லுபடியாகும் ஐ-94-ஐ வைத்துத் திரும்பலாம் என்ற விதி ஒன்று உண்டு, அங்கே போய் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருக்கும் வரை.

அப்பாவோ அம்மாவோ வயதானவர்கள் என்றால், துக்கச் செய்தி வந்த பிறகு இதையெல்லாம் யோசிக்க முடியாது. எங்கள் வீட்டில் முன்பே பேசி வைத்திருக்கிறோம். செய்தி வந்தால் நான் போவேன், மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருப்பார்கள், திரும்ப எத்தனை மாதம் ஆனாலும். பேசவே மனம் வராத பேச்சு அது, ஆனால் பேசியதால் அந்த நாளில் ஓர் இரவாவது மிச்சமாகும்.

படி 7: வேலை போனால்

கிரேஸ் பீரியட் என்பது 60 நாள் அல்லது உங்கள் ஐ-94 முடியும் நாள், எது முன்னால் வருகிறதோ அது. பொதுவாக எந்த நாள் வரைக்கும் சம்பளம் கொடுத்தார்களோ அன்றிலிருந்து எண்ணுவார்கள். செவரன்ஸ் பணம் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் தொகை) மூன்று மாதத்துக்குக் கொடுத்தாலும் அது நாளைக் கூட்டாது. எனவே கடைசி வேலை நாள் எது என்று கடிதத்தில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள், அந்த நாளைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். செவரன்ஸில் இரண்டு வாரப் பணத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு வாரம் கூடுதலாகச் சம்பளப் பட்டியலில் வைக்கச் சொல்லி வாங்கியவர்கள் உண்டு, கேட்பதில் நஷ்டம் இல்லை. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் உண்டு, அந்த அறிவிப்புக் காலம் முழுவதும் சம்பளப் பட்டியலில் இருந்தால் உங்கள் 60 நாள் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

முதல் வாரத்தில் கோப்பைத் திரட்டி, சொந்த வக்கீலைப் பார்த்து, தெரிந்த எல்லோரிடமும் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், எங்கள் தமிழ்ச் சங்கக் குழுவில் வேலை போனதைச் சொன்னவர்களுக்குத்தான் சீக்கிரம் வேலை கிடைத்தது, மறைத்தவர்கள் ஐம்பதாவது நாளில் வந்து நின்றார்கள். புதிய கம்பெனி பெட்டிஷனை 60 நாளுக்குள் போட்டால் போதும், அனுமதி வர வேண்டியதில்லை. ஆனால் எல்சிஏ அனுமதிக்கே ஏழு வேலை நாள் போகும், வக்கீலுக்கு ஒரு வாரம், ஆக நாற்பதாவது நாளுக்குள் ஆஃபர் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்காது என்று தெரிந்தால், துணைவர் எச்-1பி-யில் இருந்தால் எச்-4-க்கு, இல்லாவிட்டால் சுற்றுலா விசாவான பி-2-க்கு நிலை மாற்றம் கேட்டு 60 நாள் முடிவதற்குள் மனு போடுங்கள். அது நிலுவையில் இருக்கும்வரை நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்க முடியாது.

கம்பெனியே நீக்கியது என்றால் நீங்கள் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அவர்கள் தர வேண்டும். நீங்கள் ராஜினாமா செய்தால் கிடையாது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடு, பதிவில் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடும்முன் இதை நினையுங்கள். மருத்துவக் காப்பீட்டை, கோப்ரா என்ற சட்டத்தின்படி சொந்தப் பணம் கட்டித் தொடர முடிவு செய்ய 60 நாள் இருக்கிறது, விலை அதிகம், ஆனால் வீட்டில் கர்ப்பிணியோ சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 8: கிரீன் கார்டு வரிசை

வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000, அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. 2026 ஜனவரியில் இந்தியாவுக்கான இபி-2 (முதுகலைப் படிப்பு வேண்டிய வேலைகளுக்கான பிரிவு) தேதி 2013-ஆம் ஆண்டில்தான் நின்றுகொண்டிருந்தது, அதாவது அந்த வருடம் வரிசையில் சேர்ந்தவர்களுக்குத்தான் அப்போது முறை வந்திருந்தது. இது காங்கிரஸ் போட்ட சட்டம், காங்கிரஸ்தான் மாற்ற வேண்டும்.

இந்த வரிசையில் உங்கள் கையில் இருக்கிற சொத்து பிரையாரிட்டி டேட். ஐ-140 அனுமதியாகிவிட்டால், மோசடி போன்ற காரணம் இல்லாதவரை, கம்பெனி மாறினாலும் அந்தத் தேதி உங்களோடு வரும். புதிய கம்பெனி பெர்மை (ஐ-140-க்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், தேதி மட்டும் பழையது. அனுமதியாகி 180 நாள் கடந்துவிட்டால் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் ஐ-140 ரத்தாகாது, அதை வைத்து மூன்று மூன்று வருடமாக எச்-1பி நீட்டிப்பு வாங்கலாம். எனவே வேலை மாற யோசிக்கிறவர்கள் 180 நாளை எண்ணிப் பார்த்து மாறுங்கள். பெர்ம் இன்னும் தொடங்காத கம்பெனியில் இருந்தால், ஆறாவது வருடம் நெருங்கும்வரை காத்திருக்காமல் நான்காவது வருடத்திலேயே கேட்க ஆரம்பியுங்கள், ஏனென்றால் பெர்முக்கு மட்டுமே இப்போது ஒரு வருடத்துக்கு மேல் போகிறது.

படி 9: துணைவர், பிள்ளைகள்

எச்-4 ஈஏடி-யை எதிர்த்து நடந்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரிக்க மறுத்துவிட்டதால் அந்த உரிமை இப்போதைக்கு நிற்கிறது. ஆனால் முன்பு புதுப்பிக்க மனு போட்டால் 540 நாள் வரை தானாக நீண்டது, அக்டோபர் 30 முதல் போட்ட மனுவுக்கு அது இல்லை. அட்டை முடிந்த மறுநாள் வேலைக்குப் போக முடியாது. 180 நாள் முன்னதாகவே போடலாம், முதல் நாளிலேயே போடுங்கள். எச்-4 நீட்டிப்பு உங்கள் எச்-1பி நீட்டிப்போடு சேர்ந்ததால் அதையும் ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்லி ஹெச்ஆரை நச்சரியுங்கள். இடைவெளி வரும் என்றே வைத்து, இரண்டு மூன்று மாதச் சம்பளம் வராமல் வீட்டுக் கடன் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

இந்தியாவில் பிறந்து எச்-4-இல் வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது ஆகும் நாள் இந்த வீட்டின் மிக முக்கியமான தேதி, அன்றோடு எச்-4 முடிந்துவிடும். ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கலாம் என்ற சட்டம் உண்டு. ஆனால் மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் அட்டவணையில் எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுவது என்பதை யூஎஸ்சிஐஎஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் மாற்றியது. முன்பு மனு போடுவதற்கான தேதியை வைத்தார்கள், இப்போது இறுதி நடவடிக்கைத் தேதியைத்தான் வைக்கிறார்கள், அது பின்தங்கியே இருக்கும் என்பதால் நிறைய பிள்ளைகள் வெளியே விழுந்துவிடுகிறார்கள். 21-க்கு முன்பே எஃப்-1-க்கு மாற வேண்டும், அதற்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே வக்கீலைப் பாருங்கள்.

என் பெரிய மகளுக்கு இப்போது 17. இரண்டு வயதில் இங்கே வந்தவள், அவளுக்குத் திருச்சி என்றால் பாட்டி வீடு, கோடை விடுமுறை. எங்கள் பிரையாரிட்டி டேட் 2015, கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுக்கு 21 ஆகும் முன் எங்கள் முறை வராது என்றுதான் தெரிகிறது. போன மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அவளுடைய ஐ-94-ஐ அவள் கையிலேயே கொடுத்து, இந்தத் தேதி என்ன, 21 என்றால் என்ன, எந்தக் கல்லூரிகள் அவளை வெளிநாட்டு மாணவியாக வைத்துக் கட்டணம் கேட்கும் என்று எல்லாவற்றையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் மடிக்கணினியை இழுத்து, நான் வைத்திருந்த கோப்பில் தன் பெயரில் ஒரு தனி அடைவு போட்டு, அதற்குள் முதலில் அந்த ஐ-94-ஐ வைத்தாள்.